முட்டை ஓட்டில் காப்பி போட்ட சிஸ்டரம்மா

கேள்வி கேட்டால் பதில் சொல்லாதவர்கள் எனக்கு நிறையப் பேரைத் தெரியும். பாதிப்பேர் தாலுக்கா ஆபீஸில் உட்கார்ந்திருந்தார்கள். மீதிப்பேர் என் வகுப்பில் உட்கார்ந்திருந்தார்கள். ஆனால் பதிலைக் கையில் வைத்துக்கொண்டே, அதைத் தன் வாயால் சொல்வதில்லை என்று விரதம் பூண்ட ஒருவரை ஆரணியில்தான் பார்த்தேன். ஊருக்கு அவர் சிஸ்டரம்மா. படவேடு போகிற சாலையில் ஊர் முடியும் இடத்தில் இருந்த மிஷன் டிஸ்பென்சரியில் பிரசவம் பார்த்தவர். அயர்லாந்துக்காரர்.

உயரமென்றால் அப்படியொரு உயரம். எங்கள் நெசவாளர் தெரு வீடுகளுக்குள் நுழையும்போது அவர் குனிவதைப் பார்த்து, என்ன பணிவு என்று உருகியவர்கள் உண்டு. எனக்குத் தெரிந்து அவர் குனிந்தது நிலைப்படிகளுக்கு மட்டும்தான்.

அவருடைய தமிழ் பாதிரியார்களின் தமிழ் அல்ல. பாதிரியார்கள் அகராதியை வைத்துக்கொண்டு கற்றார்கள். இவர் பிரசவ அறையில் கற்றார். ஆகவே திட்டுகிற வார்த்தைகள் முதலிலும் மரியாதை வார்த்தைகள் கடைசியிலும் வந்து சேர்ந்திருந்தன. “இன்னாபா பேஜார் பண்ணிகினு இருக்கே, ஜல்தியா நகரு” என்று அந்தச் சிவந்த முகத்திலிருந்து கேட்கும்போது, ஆரணிக்குப் புதிதாக மாற்றலாகி வந்த அதிகாரிகள் ஒரு நிமிடம் திரும்பி, பின்னால் வேறு யாராவது நின்று பேசுகிறார்களா என்று பார்ப்பார்கள்.

அவர் யாரோடும் சண்டை போட்டதில்லை. யாராவது அவரிடம் “கூடாது” என்று சொன்னால் ஒரு விடுகதை போடுவார். “இதுக்கு பதில சொல்லு. அப்பால நீ சொல்றத நான் கேக்கறேன்” என்பார். எதிராளி முழிப்பான். அவன் முழித்து முடிப்பதற்குள் அவருடைய காரியம் முடிந்திருக்கும். பிறகு அவனே பின்னால் ஓடிவந்து, “சிஸ்டரம்மா, பதில மட்டும் சொல்லிட்டு போங்க, தூக்கம் வராது” என்று கெஞ்சினாலும் சொல்ல மாட்டார். “என் வாயில இருந்து வந்தா அது என் பதிலு. உனக்கு எதுக்கு அது?”

வலி எடுத்த பெண்களையும் விட்டதில்லை. “வலிக்குது சிஸ்டரம்மா” என்றால், “வலிக்கும். பதில சொல்லு” என்பார். “சந்து மேல ஏறினேன், சந்து மேல எறங்கினேன், அந்த சந்த தோள்ல போட்டுகினு வூட்டுக்கு வந்தேன். அது இன்னா?” என்று ஒரு பெண்ணிடம் கேட்டு வைத்திருக்கிறார். அந்தப் பெண் அவரையும் அவருடைய சந்தையும் புருஷனையும் வரிசையாகத் திட்டித் தீர்த்து, கடைசியில் “ஏணிடீ!” என்று கத்திய கத்தலோடு குழந்தை வெளியே வந்து விழுந்தது. பள்ளிக்கூடப் பதிவேட்டில் அந்தப் பையன் பெயர் ஏழுமலை. தெருவில் இன்றைக்கும் ஏணி.

அந்தக் காலத்தில் படவேட்டுக்கு பஸ் அரிது. ஒருநாள் தடுப்பு மருந்து வைத்த ஐஸ் பெட்டியோடு அவர் ஏறினார். நானும் அதில் இருந்தேன். ரேணுகாம்பாள் கோயிலில் அம்மாவின் வேண்டுதலை நிறைவேற்றப் போய்க்கொண்டிருந்த பகுத்தறிவுவாதி.

கண்டக்டர் மறித்தார். “பொட்டி ஒழுவுது சிஸ்டர். பஸ்ல ஏத்தக் கூடாது. எறக்குங்க.”

“எறக்கறேன்பா. அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லு. எடுக்க எடுக்க பெருசாவும், போட போட சின்னதாவும். அது இன்னா? சொல்லிட்டேன்னா நானே எறக்கிக்கறேன்.”

கண்டக்டர் சிரித்துவிட்டார். அங்கேதான் தப்புப் பண்ணினார். சிரித்துவிட்ட மனிதன் அப்புறம் சட்டம் பேச முடியாது. விசில் ஊதிவிட்டு யோசிக்க ஆரம்பித்தார். பஸ்ஸும் யோசித்தது. “பசி” என்றார் ஒருவர். “எங்க மாமியா வாயி” என்றாள் ஒருத்தி. “அதுல எதம்மா எடுக்க முடியும்?” என்று டிரைவர் வண்டியை ஓட்டிக்கொண்டே கேட்டார். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, “அறிவு” என்றேன். சிஸ்டரம்மா என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில், அந்த வஸ்து எடுப்பதற்கும் இல்லை, போடுவதற்கும் இல்லை என்பது தெளிவாகிவிட்டது.

சந்தவாசல் தாண்டி பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. எல்லோர் தலையும் கூரையில் முட்டியது. பின்சீட்டிலிருந்து ஒரு கிழவர், “பள்ளம்! பள்ளம்!” என்று கூவினார். முட்டிய வலியில் கத்துகிறார் என்றுதான் நினைத்தோம். கண்டக்டருக்குத்தான் முதலில் விளங்கியது. “ஆமா! எடுக்க எடுக்க பெருசாவுது! சிஸ்டர், பள்ளம்! பொட்டிய எறக்குங்க!”

“எறக்கறேன்பா” என்று அவர் எழுந்தார். படவேடு வந்திருந்தது. பெட்டியைக் கீழே இறக்கிக் கொடுத்தவரும் அந்தக் கண்டக்டர்தான்.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்ள நான் கொடுத்த விலை, ஒரு வரவேற்புரை. நான் வரலாற்று ஆசிரியன். சுதந்திர தின விழாவுக்கு அவரை மேடையில் உட்காரவைத்தால், நாம் மனதில் எதையும் வைத்துக்கொள்ளவில்லை என்று காட்டினது போல இருக்கும் என்று தலைமையாசிரியருக்குத் தோன்றியது. வரவேற்புரை எழுதும் வேலை எனக்கு. “அன்று ஆள வந்த இனம், இன்று அருள வந்திருக்கிறது” என்று ஒரு வாக்கியம் அமைத்து, அதன் அழகில் மயங்கி வீட்டில் மூன்று பேரிடம் படித்துக்காட்டினேன். மேடையிலும் படித்தேன். கைதட்டினார்கள்.

சிஸ்டரம்மா எழுந்தார். மைக்கைத் தன் உயரத்துக்கு ஏற்றினார்.

“இந்த சாரு இன்னாவோ சொன்னாரு. யாருபா ஆள வந்தது? எங்க ஊரயும் அந்த இங்கிலீஷ்காரங்கதான் புடிச்சி வச்சிகினு இருந்தாங்க. உங்கள புடிக்கறதுக்கு ரொம்ப முன்னாடியே. எங்க பாஷ பேசின புள்ளைங்கள அடிச்சாங்க. எங்க பாட்டனார வூட்ட வுட்டு தொரத்தி கூரைய பிரிச்சாங்க. எங்க ஜனங்க கிட்ட துப்பாக்கி கம்மி. விடுகத நெறைய. சிப்பாய் வந்து ‘இந்த வழியா எவன் ஓடினான்?’னு கேட்டா, எங்க பாட்டி ஒரு விடுகத போடுவாங்க. அவன் யோசிச்சிகினு நிப்பான். ஓட வேண்டியவன் மலைய தாண்டிடுவான்.”

பிள்ளைகள் தரையைத் தட்டி ஆர்ப்பரித்தார்கள். என் உரைக்குக் கிடைத்த கைதட்டலை அன்று மாலைக்குள் எல்லோரும் மறந்துவிட்டார்கள். என்னைத் தவிர.

விடுகதையை எல்லோரும் ரசித்தோம். அவருடைய இன்னொரு சமாசாரம்தான் அவருடைய சொந்த ஆட்களுக்குப் பிடிக்கவில்லை. டிஸ்பென்சரி வாசலில் ஓர் ஒற்றை இலந்தை மரம் நின்றது. முள், நிழலில்லை, பழமும் புழு. வெட்டிவிட்டால் ஜீப் நிறுத்தலாம் என்று சபையின் ஃபாதர் ஆள் அனுப்பினார். சிஸ்டரம்மா வெட்ட விடவில்லை.

“அது அவங்க மரம்.”

“யாருங்க சிஸ்டர் அவங்க?” என்று கோடாலிக்காரன் கேட்டான்.

“பேர் சொல்லக் கூடாது. நல்லவங்க.”

கோடாலிக்காரன் அதற்குமேல் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கோடாலியைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டான். எங்கள் ஊருக்கு இது விளக்கிச் சொல்ல வேண்டிய விஷயமே அல்ல. கொத்தினால் செத்துப்போவோம் என்கிற பாம்புக்கு நல்ல பாம்பு என்று பெயர் வைத்தவர்கள் நாங்கள். ஊரை வாரிக்கொண்டு போகும் நோயை அம்மா என்றவர்கள். அவருடைய ஊரில் தனியாக நிற்கும் முள்மரத்தடியிலும் புல் மூடிய பழைய மண்மேட்டிலும் கண்ணுக்குத் தெரியாத அந்த நல்லவர்கள் குடியிருக்கிறார்களாம். அவர்கள் பாதையில் வீடு கட்டக் கூடாது. கொட்டுகிற தண்ணீரைச் சொல்லிவிட்டுத்தான் கொட்ட வேண்டும். அவர்களுக்கு இரும்பு என்றால் பயம். பிள்ளை பெற்றவள் படுக்கையில் இரும்புத் துண்டு வைப்பார்கள் என்று அவர் சொன்னபோது என் அம்மா, “பின்ன வைக்காம?” என்றாள். அன்றிலிருந்து இருவரும் சினேகிதிகள்.

ஃபாதருக்குத்தான் தாங்கவில்லை. “சிஸ்டர், நீங்கள் இதையெல்லாம் நம்புகிறீர்களா?” என்று எங்கள் எல்லோர் முன்னாலும் கேட்டார்.

“நம்பறியான்னு அவங்களே என்ன கேட்டதில்ல ஃபாதர். நீங்க ஏன் கேக்கறீங்க?”

மரம் நின்றது. ஜீப் வெயிலில் நின்றது. ஃபாதரின் மனதிலும் அது நின்றிருக்க வேண்டும். ஏனென்றால் பின்னால் சிஸ்டரம்மா பேயோட்டினார் என்று மேலிடத்துக்குப் புகார் போனபோது, இந்த மரமும் அதில் சேர்ந்துகொண்டது. அவரை மலைப்பக்கம் எங்கேயோ மாற்றிவிட்டார்கள். பேயெல்லாம் அவர் ஓட்டவில்லை. பம்பு ஸ்டவ்வை அடித்துக்கொண்டு பக்கத்திலேயே இருந்தவன் நான். நடந்ததைச் சொல்கிறேன்.

வசந்தா என் தம்பி சேகரின் மனைவி. செய்யாறு பக்கத்துப் பெண். உண்டாகியிருந்தபோது டிஸ்பென்சரிக்குப் போவாள். சிஸ்டரம்மா மாத்திரையோடு ஒரு விடுகதையும் கொடுத்தனுப்புவார். அடுத்த முறை இவள் பதிலைக் கொண்டுபோய்க் கொடுத்து, தன் ஊர் விடுகதை ஒன்றை அங்கே போட்டுவிட்டு வருவாள். சிஸ்டரம்மா அதற்கு விடை தெரியாமல் காய்ச்சல் கணக்கெடுக்கும்போதெல்லாம் முணுமுணுத்துக்கொண்டிருப்பாராம். ஆரணியில் அவரைத் திணற வைத்த ஒரே ஆள் எங்கள் வீட்டு மருமகள்.

குழந்தை செத்துப் பிறந்தது. பெண். சிஸ்டரம்மா எவ்வளவோ போராடியிருக்கிறார். டிஸ்பென்சரி காவல்காரரும் சேகரும் ஏரிக்கரைக்கு எடுத்துப்போய்ப் புதைத்துவிட்டு வந்தார்கள். அவ்வளவுதான். பெயர் வைக்காத பிள்ளைக்கு மறுநாள் பால் ஊற்றுவதில்லை, காரியம் கிடையாது, பெண்கள் அந்த இடத்தைப் பார்ப்பதுமில்லை.

வீடு திரும்பிய வசந்தாவை அம்மா வாசலிலேயே நிறுத்தினாள். “போயி தலைக்கு ஊத்திக்கோ. இனிமே இந்த வூட்ல அந்தப் பேச்சே கூடாது. ஒரு வார்த்த கூடாது. பேசினா அது திரும்பித் திரும்பி வரும், அடுத்தது தங்காது. நானும் ஒண்ண மண்ணுக்கு குடுத்தவதான். வாய தொறந்தேனா?”

வசந்தா தலையை ஆட்டினாள். மாமியார் பேச்சை அத்தனை முழுமையாகக் கேட்ட மருமகள் எங்கள் தெருவில் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. அந்தப் பேச்சை மட்டுமல்ல, எல்லாப் பேச்சையும் நிறுத்திவிட்டாள். சோறு போட்டாள், தண்ணீர் எடுத்தாள், கூப்பிட்டால் வந்தாள். வாய் மட்டும் திறக்கவில்லை. எந்த டாக்டர் கேட்டும் திறக்கவில்லை. சிஸ்டரம்மா வந்து பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார். அவரிடமும் இல்லை.

பிறகு அமாவாசை வந்தது. எங்கள் தெருவில் அமாவாசையன்று தறி ஓடாது. மற்ற நாளெல்லாம் அந்தச் சத்தத்திலேயே வளர்ந்தவர்களுக்கு, அன்றைக்குத் தெரு காது அடைத்தது போல இருக்கும். அம்மா பெண்களோடு கோயிலுக்குப் போய்த் திரும்பிக்கொண்டிருந்தாள். பட்டப்பகல். தெரு முழுக்க நிசப்தம். அதில் ஒரே ஒரு தறி, டக்கு டக்கென்று ஓடுகிறது. எந்த வீடு எந்த வீடு என்று பார்த்துக்கொண்டே வந்தவர்கள் எங்கள் வாசலில் நின்றார்கள்.

வசந்தா தறிக்குழியில் உட்கார்ந்து நெய்துகொண்டிருந்தாள். குறுக்கு நூலைக் கொண்டுபோகிற நாடா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பாய்ந்தது. ஆனால் அதற்குள் நூல் சுற்றிய குச்சி இல்லை. வெறும் நாடா. அவ்வளவு நேரம் தறி ஓடியும் புடவை ஓர் இழைகூட வளர்ந்திருக்கவில்லை.

கூட வந்த பெண்களில் ஒருத்தி சொன்னாள்: “யக்கா, இது வசந்தா இல்ல. அவ ரூபத்துல வேற எதுவோ ஒக்காந்துகினு இருக்குது.”

அன்று மாலைக்குள் தெரு முழுக்க அதை ஒத்துக்கொண்டது. உடுக்கை அடிக்கிற பூசாரி ஒருவரை வெள்ளிக்கிழமைக்கு வரச் சொல்லி ஆள் போயிற்று. வேப்பங்கொத்தால் அடிப்பது, அதற்கும் அசையாவிட்டால் கம்பியைப் பழுக்கக் காய்ச்சி உள்ளங்காலில் சூடு. நான் படித்த அத்தனை புத்தகங்களையும் திரட்டிக்கொண்டு போய் அம்மாவிடம் வாதாடினேன். மனம் என்றால் என்ன, துக்கம் என்றால் என்ன, மேல்நாட்டு நிபுணர்கள் என்ன சொல்கிறார்கள். அம்மா அரிசி களைந்துகொண்டே முழுவதையும் கேட்டாள்.

“நீ சொல்றதெல்லாம் வசந்தாவுக்கு சரிடா. இது வசந்தா இல்லியே.”

சேகர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு டிஸ்பென்சரிக்குப் போனேன்.

சிஸ்டரம்மா ஊசிகளைக் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தார். சொல்லி முடித்ததும் முகத்திலிருந்த சிவப்பு வடிந்துவிட்டது.

“இன்னா சொன்னாங்க? திருப்பி சொல்லு.”

“இது வசந்தா இல்லன்னு.”

“இதே வார்த்ததான் சாரு, எங்க ஊர்லயும். ‘இது அவ இல்ல.’ புள்ள பெத்தவ ஒரு மாதிரியா இருந்தா, நல்லவங்க நம்ம பொண்ண தூக்கிகினு போயிட்டாங்க, அதே மாதிரி ஒண்ண செஞ்சி வச்சிட்டு போயிட்டாங்கன்னு சொல்லுவாங்க. அப்பால நெருப்புல காட்டுவாங்க. நீ போ, எங்க பொண்ண குடுன்னு. எத்தினி பொண்ணுங்க தெரியுமா? எதுவும் போவல. யாரும் திரும்பி வரல. கருகிப் போனவ கருகிப் போனவதான்.” அடுப்பை அணைத்தார். “நம்பினவங்க எல்லாம் நல்ல ஜனங்க. அதான் கஷ்டம். உங்கம்மா கிட்ட போயி அப்படி எல்லாம் இல்லன்னு சொன்னா கேக்க மாட்டாங்க. இருக்குதுன்னுதான் சொல்லணும்.”

வெள்ளிக்கிழமை காலையில் பூசாரி வருவதற்கு முன்னாலேயே சிஸ்டரம்மா ஒரு கூடையோடு வந்துவிட்டார். கூடையில் முட்டை ஓடுகள். மேல்மூடி மட்டும் உடைத்து, கழுவித் துடைத்தவை.

அம்மா அலறிவிட்டாள். “வெள்ளிக்கெழமயும் அதுவுமா வூட்டுக்குள்ள முட்டையா!”

“ஓடுதான் யக்கா. முட்டய நான் தின்னுட்டேன்.”

“ஓடுன்னா முட்ட இல்லியா? வாசப்படி தாண்டக் கூடாது!”

ஆகவே வாசலில் கடை விரித்தார். ஒரு தாம்பாளத்தில் மணலைப் பரப்பி ஓடுகளை வரிசையாக நட்டார். என்னிடம் ஸ்டவ்வைக் கொடுத்துப் பம்பு அடிக்கச் சொன்னார். தறிகளை நிறுத்திவிட்டுத் தெருவே வந்து கூடியது. அப்போதுதான் பூசாரி வந்தார்.

“இன்னாது இது?”

“எங்க ஊர் மொற” என்றார் சிஸ்டரம்மா. “ரூபம் மாத்தி வந்தது எத்தினி வருசத்து கெழமா இருந்தாலும் சரி, எல்லாத்தயும் பாத்திருக்கும். அடிய பாத்திருக்கும், சூட்ட பாத்திருக்கும். முட்ட ஓட்டுல காப்பி போட்டு மட்டும் பாத்திருக்காது. பாத்தா ஆச்சரியத்துல வாய தொறந்துடும். தொறந்தா யாருன்னு தெரிஞ்சிடும். என்னுது முடியற வரைக்கும் உங்க கம்பி நெருப்பு பக்கம் போவக் கூடாது.”

“உன்னுது எப்போ முடியும்?”

“பதில் வரசொல்ல.”

பூசாரி யோசித்தார். தெரு முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கிறது. ஒரு வெள்ளைக்காரம்மாவின் காப்பிக்குப் பயந்தவர் என்று பெயர் வாங்க அவருக்கு மனமில்லை. உடுக்கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

வசந்தாவை நிலைப்படிக்குக் கூட்டி வந்து உட்கார வைத்தார்கள். சிஸ்டரம்மா டிகாஷனைக் கொதிக்க விட்டார். அந்தப் பெரிய கைகளால் ஒவ்வொரு ஓட்டிலும் சொட்டுச் சொட்டாக ஊற்றினார். ஒவ்வொன்றிலும் பால். ஒவ்வொன்றிலும் ஒரு சிட்டிகை சர்க்கரை. ஒவ்வொன்றையும் ஈர்க்குச்சியால் கலக்கினார். முதல் ஓட்டை மணலிலிருந்து எடுத்துப் பூசாரியிடம் நீட்டினார். “ஆத்தி குடிங்க, சுடும்.” பிள்ளைகள் சிரித்தன. பெரியவர்கள் அவர்களை அதட்டிவிட்டுத் தாங்களும் சிரித்தார்கள்.

“வசந்தா” என்றார் அவர். “இந்த மாதிரி எங்கியாவது பாத்திருக்கியா?”

வசந்தா தாம்பாளத்தைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். உதட்டோரம் எதுவோ அசைந்தது.

“டிகாஷன் பத்தல, சிஸ்டரம்மா” என்றாள்.

தெரு ஒரு கூச்சல் போட்டது பாருங்கள், நான் பம்பை விட்டுவிட்டேன். பூசாரி குதித்து எழுந்தார். “பேசிடிச்சி! பேசிடிச்சி! யாருன்னு கேளு, வுடாத!”

அம்மா முன்னால் வந்தாள். “நீ யாருடி? எங்க வசந்தாவா?”

“சொல்றேன் அத்தே. அதுக்கு முன்னாடி ஒரு விடுகத போடறேன். நீங்க பதில் சொல்லிட்டீங்கன்னா நான் வசந்தா. சொல்லலன்னா அவரு சொல்றதுதான். கம்பிய காய வைக்க சொல்லுங்க.”

சிஸ்டரம்மா திடுக்கிட்டுத் திரும்பினார். இது அவர் போட்ட திட்டத்தில் இல்லை. வசந்தா அவரைப் பார்க்கவில்லை. மாமியாரை மட்டுமே பார்த்துக்கொண்டு, நெய்கிற நிதானத்தில் சொன்னாள்:

“அழைக்காம வந்துது, அரிசி கேக்கல.
இருட்டு வூட்ல குடியிருந்துது, வெளக்கு கேக்கல.
கதவ தொறந்து வுட்டோம், வெளிய வந்துது, அழல.
போவசொல்ல ஒரு பேரு கூட எடுத்துகினு போவல.
அது யாரு அத்தே?”

“காத்து!” என்றார் பூசாரி. “மழ” என்றது ஒரு குரல். “நெழலு”, “கனவு”, “வெளக்குக் கேக்காததுன்னா வவ்வாலுதான்” என்று ஆளுக்கொன்றாக வீசினார்கள். எதிர்வீட்டுப் பெண் மட்டும் எதுவும் சொல்லாமல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவளைப் பார்த்து அடுத்தவள். கொஞ்சம் கொஞ்சமாகச் சத்தம் அடங்கிப்போனது.

அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது என்பது அவள் முகத்தில் தெரிந்தது. வாயில் வர மறுத்தது. சிஸ்டரம்மாவின் கையைப் பிடித்தாள். “உனக்கு தெரியுமில்ல? நீ சொல்லிடு. உனக்கு புண்ணியமா போவும்.”

“தெரியும் யக்கா. சொல்ல மாட்டேன்.”

“அடிப்பாவி.”

சிஸ்டரம்மா அம்மாவுக்கு மட்டும் கேட்கிற குரலில் பேசினார். பக்கத்தில் ஸ்டவ்வோடு உட்கார்ந்திருந்ததால் எனக்கும் கேட்டது.

“எங்க வூட்டு பின்னால ஒரு மண்மேடு இருந்துது யக்கா. நல்லவங்க மேடு. எங்கம்மா தெனமும் ஒரு கிண்ணி பால் எடுத்துகினு போயி அங்க ஊத்துவாங்க. நல்லவங்களுக்குன்னு சொல்லுவாங்க. ஞானஸ்நானம் ஆவாம செத்த புள்ளய எங்க ஊர் கோயில் தோட்டத்துல பொதைக்க வுட மாட்டாங்க. அந்த மேட்டுலதான் பொதைப்பாங்க. யாருக்கு பாலுன்னு எங்க வூட்ல ஒருத்தரும் கேக்கல. அவங்களும் சாவற வரைக்கும் சொல்லல.”

அம்மா அவர் கையை விட்டாள். “பாலாவது ஊத்தினா உங்கம்மா” என்றாள்.

பிறகு வசந்தாவின் எதிரே போய்த் தரையில் உட்கார்ந்தாள்.

“எம் பேத்தி” என்றாள் அம்மா. “எம் பேத்திடி அது.”

“நான் வசந்தாதான் அத்தே” என்று அவள் மாமியார் தோளில் விழுந்தாள்.

இரண்டு பேரும் போட்ட அழுகையைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. பூசாரி தன் கம்பியைத் துணியில் சுற்றிக்கொண்டார். போகும்போது, ஆறிப்போயிருந்த ஓட்டுக் காப்பியைக் குடித்துவிட்டு, “அந்தப் பொண்ணு சொன்னது நெசந்தான், டிகாஷன் பத்தல” என்றார். நல்ல மனிதர்தான்.

அழுது முடித்ததும் அம்மா எழுந்து உள்ளே போனாள். வெளியே வந்தபோது கையில் பால் சொம்பு.

“சேகரு, எந்த எடம்னு காட்டு. வசந்தா, நீ வா.”

கூட்டம் விலகியது. விலகாமல் நின்றவர் எங்கள் தெரு நாட்டாண்மைக்காரர். கெட்டவரல்ல, வழக்கம் என்று ஒன்று இருந்தால் அதன் முன்னால் போய் நின்றுகொள்வது அவருடைய வேலை.

“இன்னா யக்கா இது? பொம்பளைங்க போற எடமா அது? ஊர்ல இல்லாத பழக்கம். பேரு வைக்காத புள்ளைக்கு ஏது பாலு?”

நான் சிஸ்டரம்மாவைப் பார்த்தேன். இப்போது ஒரு விடுகதை வரும் என்று எதிர்பார்த்தேன். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு, அம்மாவுக்கு ஓரடி பின்னால், வசந்தாவின் பக்கத்தில் போய் நின்றார். அவ்வளவுதான்.

அம்மா திரும்பி வசந்தாவைப் பார்த்தாள். “நீ மனசுல இன்னா பேரு வச்சிருந்த?”

வசந்தா சொன்னது எனக்கே சரியாகக் கேட்கவில்லை. அம்மாவுக்குக் கேட்டது. நாட்டாண்மைக்காரரின் பக்கம் திரும்பினாள். அந்தத் தெருவில் நாற்பது தறிச் சத்தத்துக்கு மேலே குரல் எழுப்பிப் பழகியவள். அன்று ஒரு தறியும் ஓடவில்லை.

“மல்லிகா!” என்றாள். “எம் பேத்தி பேரு மல்லிகா. கேட்டுகினியா? இப்போ வழிய வுடு.”